எச்சில் தட்டு

மூன்று வயதுக் குழந்தைக்கு விளக்குமாற்றின் மேல் ஒரு மோகம் உண்டு. வீட்டில் எத்தனை பொம்மைகள் இறைந்து கிடந்தாலும் அம்மாவின் கையில் இருக்கிற விளக்குமாறுதான் அதற்கு வேண்டும். அது தன்னைவிட ஒரு முழம் உயரமாயிற்றே என்ற கவலை அதற்குக் கிடையாது. பற்றி இழுத்துக்கொண்டு கூடத்தை ஒரு வலம் வந்தால், குவித்து வைத்த குப்பை நாலு திசையிலும் பறக்கும். "கொண்டா இப்படி! நீ பெருக்கினால் நான் இரண்டு தரம் பெருக்கணும்" என்று தாயார் பிடுங்கிக்கொள்கிறாள். அவள் சொல்வதில் ஓர் எழுத்துப் பொய் இல்லை. அடுப்பில் பால் பொங்குகிறது, எட்டரை மணிக்கு அவள் பஸ் பிடித்தாக வேண்டும். குழந்தையின் உதவியை ஏற்றுக்கொள்ள அவகாசம் வேண்டுமே!

பத்து வருஷம் கழித்து அதே கூடத்தில் அதே தாயாரின் குரல் வேறு விதமாகக் கேட்கிறது. "பனைமரமாட்டம் வளர்ந்து நிற்கிறான், ஒரு துரும்பைக் கிள்ளி அப்பால் போடுகிறானா பாருங்கள்!"

நடுவில் இருந்த பத்து வருஷத்தில் என்ன நடந்தது? வேலை கேட்டு அழுத குழந்தை, வேலை என்றால் காது கேளாத பிள்ளையாக எப்போது மாறிற்று? இதையெல்லாம் குடித்தன நிர்வாகத்தைச் சேர்ந்த சில்லறை விஷயம் என்று நினைத்து, பத்திரிகைகளில் மங்கையர் பகுதிக்குத் தள்ளிவிடுவது வழக்கம். எனக்கென்னவோ இது அங்கே அடங்குகிற சமாசாரமாகத் தோன்றவில்லை. ஒரு மனிதன் மற்றொரு மனிதனின் உழைப்பை எந்த உரிமையில் வாங்கிக்கொள்ளலாம் என்பது பெரிய பெரிய தத்துவ ஆசிரியர்கள் மண்டையை உடைத்துக்கொண்ட கேள்வி. அந்தக் கேள்வி முதன் முதலில் எழுகிற இடம் நம் வீட்டுச் சமையலறைதான்.

குழந்தைகள் இயற்கையாகவே சோம்பேறிகள், அடித்தோ ஆசை காட்டியோதான் வழிக்குக் கொண்டுவர வேண்டும் என்று ஒரு பழைய அபிப்பிராயம் உண்டு. ஜெர்மனியில் லைப்சிக் நகரத்தில் உளவியல் ஆராய்ச்சி செய்துவந்த வார்னெக்கென், டோமசெல்லோ என்ற இருவர் 2006-ஆம் வருஷம் இதற்கு நேர்மாறான ஒன்றைக் காட்டினார்கள். அவர்கள் சோதித்தது பதினெட்டு மாதக் குழந்தைகளை. முன்பின் தெரியாத பெரிய மனிதர் ஒருவர் துணி உலர்த்தும்போது கவ்வியைத் தவற விட்டுவிட்டு எட்ட முடியாமல் தவிப்பார். அல்லது இரு கையிலும் புத்தகக் கட்டோடு வந்து அலமாரிக் கதவில் முட்டிக்கொண்டு நிற்பார். யாரும் கேட்காமலே பெரும்பாலான குழந்தைகள் போய்க் கவ்வியை எடுத்துக் கொடுத்தன. கதவைத் திறந்து விட்டன. நன்றி என்ற சொல்லைக்கூட அவை எதிர்பார்க்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து அதே இருவர் செய்த மற்றொரு சோதனை இன்னும் யோசிக்க வைக்கிறது. உதவி செய்த இருபது மாதக் குழந்தைகளில் சிலவற்றுக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு விளையாட்டுச் சாமான் பரிசாகத் தந்தார்கள். பிறகு பரிசை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பரிசு வாங்கிப் பழகிய குழந்தைகள், ஒன்றுமே வாங்காத குழந்தைகளைவிடக் குறைவாகவே உதவி செய்தன.

ஆகவே, குழந்தைக்கு உதவக் கற்றுக்கொடுப்பது என்று நாம் பேசுவதே சற்று வேடிக்கையானது. அது கொண்டுவந்த ஒன்றை நாம் பிடுங்கிக்கொள்கிறோம். பிறகு சாக்லேட் கொடுத்து விலைக்கு வாங்கப் பார்க்கிறோம்.

இந்தச் சாக்லேட் விஷயத்தில் எனக்குத் தெரிந்த குடும்பங்கள் பல மிகவும் முன்னேறிவிட்டன. சுவரில் ஓர் அட்டவணை. செடிக்குத் தண்ணீர் ஊற்றினால் ஒரு நட்சத்திரம், படுக்கையைச் சுருட்டினால் ஒரு நட்சத்திரம். பத்து நட்சத்திரம் சேர்ந்தால் ஐஸ்கிரீம். ஒரு வீட்டில் எட்டு வயதுச் சிறுமி, தன் தம்பி சிந்திய தண்ணீரைத் துடைப்பதற்கு முன் அம்மாவின் முகத்தைப் பார்த்து, "இதற்கு எத்தனை?" என்று கேட்டதை நான் நேரில் கண்டேன். அந்தக் குழந்தையை நான் குறை சொல்ல மாட்டேன். கூலி நிர்ணயமான இடத்தில் கூலியைக் கேட்பதுதானே நியாயம்? பேரம் பேசுவதற்கும் அதற்கு உரிமை உண்டு; "இன்றைக்கு எனக்கு நட்சத்திரம் வேண்டாம், அதனால் துடைக்க மாட்டேன்" என்று சொல்லவும் உரிமை உண்டு. அப்படி அது சொல்லிவிட்டால் பெற்றோர் எந்த வாயால் பதில் சொல்வார்கள்?

ஆனால் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். அன்பினால் செய்கிற வேலைக்குக் கூலி பேசக் கூடாது என்று சொல்வது சுலபம். இந்த வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லித்தானே இத்தனை காலமாகப் பெண்களின் உழைப்பை இலவசமாக வாங்கியிருக்கிறோம்? மத்திய அரசின் புள்ளி விவர அலுவலகம் 2019-இல் ஜனங்கள் நாள் முழுவதையும் எப்படிச் செலவழிக்கிறார்கள் என்று கணக்கெடுத்தது. கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிஷம் அதில் செலவிட்டார்கள். ஈடுபடும் ஆண்கள் 97 நிமிஷம். 'ஈடுபடும்' என்ற சொல்லை வாசகர்கள் கவனிக்க வேண்டும். பெண்களில் நூற்றுக்கு 81 பேர் ஈடுபட்டார்கள். ஆண்களில் நூற்றுக்கு 26 பேர்தான். மற்ற ஆண்களுக்கு வீடு தானாகப் பெருக்கிக்கொள்கிறது போலும்! அந்தக் கணக்கெடுப்பு ஆறு வயதிலிருந்தே ஆரம்பிக்கிறது என்பது இன்னொரு விசேஷம். அதாவது இந்தப் பிரிவினை கல்யாணத்துக்குப் பின் வருவதல்ல. ஸ்லேட்டுப் பிடிக்கிற வயதிலேயே வந்துவிடக் கூடியது.

அன்பு என்ற பெயரில் ஒரே ஒருத்தி எல்லாவற்றையும் செய்தால் அது சுரண்டல்தான். பெயரை மாற்றி வைத்திருக்கிறோம். அதற்குப் பரிகாரம் அவளுக்கும் குழந்தைக்கும் நட்சத்திரம் கொடுப்பதல்ல. இந்த வீட்டில் யார் சாப்பிடுகிறார்களோ, யார் படுத்துத் தூங்குகிறார்களோ, அவர்களுக்கெல்லாம் இதன் வேலையில் பங்கு உண்டு என்று வைத்துக்கொண்டால் கூலிப் பேச்சே எழாது. தன் பங்கைச் செய்கிறவனுக்குக் கூலி கொடுப்பது யார்?

வேலையைவிட, அதற்கு நாம் சொல்கிற காரணந்தான் குழந்தையின் மனத்தில் தங்குகிறது என்பது என் எண்ணம். ஏழு வயதுப் பெண்ணிடம் துடைப்பத்தைக் கொடுக்கும்போது நம் வீடுகளில் என்ன சொல்கிறோம்? "நாளைக்குப் போகிற இடத்தில், பெண்ணை வளர்த்த லட்சணத்தைப் பார் என்று சொல்வார்கள்." இந்தக் காலத்தில் யார் அப்படிச் சொல்கிறார்கள் என்று சிலர் கேட்கலாம். சொற்கள் மாறியிருக்கலாம், பொருள் மாறவில்லை. இந்தக் காரணத்தைக் கேட்டு வளர்கிற பெண் என்ன தெரிந்துகொள்கிறாள்? இந்த வீடு தன்னுடையதல்ல. எங்கேயோ இருக்கிற, இன்னும் முகம் தெரியாத ஒரு வீட்டுக்கு இது ஒத்திகை. அவள் பெருக்குகிற கூடத்தில் அவளுக்கே பாத்தியதை இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து கால் மேல் கால் போட்டுக்கொண்டு கிரிக்கெட் பார்க்கிற அவள் தம்பிக்கு அந்தக் காரணம் பொருந்தாது. அவன் எங்கேயும் 'போகப் போவதில்லை'. ஆகவே அவன் பெருக்கவும் வேண்டியதில்லை. தர்க்கம் பிசகாமல்தான் இருக்கிறது! "நீ இங்கே இருக்கிறாய், இது உன் வீடு, அதனால் பெருக்கு" என்று சொல்லிப் பார்த்தால், அதே காரணம் அந்தப் பையனையும் அந்த நிமிஷமே எழுப்பிவிடும். நாம் ஏன் அந்தக் காரணத்தைச் சொல்வதில்லை என்பதும் அதனால்தானோ என்னவோ.

எச்சில் என்று நமக்கு ஒரு சொல் இருக்கிறது.  அழுக்கு வேறு, எச்சில் வேறு. ஒருவன் வாய் வைத்துச் சாப்பிட்ட தட்டு, எவ்வளவு சுத்தமாக வழித்துச் சாப்பிட்டிருந்தாலும், அவன் எச்சில். அதைத் தொடுவது யார் என்பதில் நம் சமுதாயத்தின் முழு வரைபடமும் அடங்கியிருக்கிறது. தாய் தன் குழந்தை மிச்சம் வைத்ததைக் கூச்சமில்லாமல் எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறாள். அங்கே எச்சில் என்ற எண்ணமே கிடையாது. விருந்தாளியின் இலையை நாம் எடுக்கிறோம், அது உபசாரம். நோயாளியின் தட்டைக் கழுவுகிறோம், அது பணிவிடை. கைகால் திடமாக உள்ள பத்து வயதுப் பையன் சாப்பிட்ட தட்டை மேஜையிலேயே வைத்துவிட்டு, கையை மட்டும் கழுவிக்கொண்டு போகிறானே, அவன் விருந்தாளியும் இல்லை, நோயாளியும் இல்லை. அப்படியானால் அவன் அந்த வீட்டில் யார்?

தன் எச்சிலை எடுக்க ஒருவர் எப்போதும் இருப்பார் என்பதை அவன் அங்கே கற்றுக்கொள்கிறான். முதலில் அம்மா, அல்லது அக்கா, பிறகு வேலைக்காரி, கல்யாணம் ஆனதும் மனைவி. யாரும் அவனுக்கு அதைப் பாடமாகச் சொல்லித் தரவில்லை. மேல், கீழ் என்பதைப் பற்றிப் புத்தகத்தில் ஒரு வரி படிப்பதற்கு முன்பே, தினம் மூன்று வேளையும் அவன் அதை அப்பியாசம் செய்து முடித்துவிடுகிறான். பின்னால் கல்லூரிக்குப் போய்ச் சமத்துவத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவான். மேடையை விட்டு இறங்கி வந்து, குடித்த காப்பி டம்ளரை ஜன்னலோரம் வைத்துவிட்டு நடந்துவிடுவான். அவனைக் கபடன் என்று சொல்ல எனக்கு மனமில்லை. டம்ளர் அவன் கண்ணிலேயே படவில்லை, அவ்வளவுதான்.

"படிக்கிற பிள்ளையைப் போய்த் தொந்தரவு பண்ணுவானேன்?" என்பார்கள். ஒரு தட்டையும் டம்ளரையும் கழுவ இரண்டு நிமிஷம் ஆகும். அந்த இரண்டு நிமிஷத்தில் எந்த என்ஜினீயரிங் கல்லூரியும் கைநழுவிப் போய்விடாது. படிப்பு என்கிற ஒன்று வந்ததும் மற்ற எல்லாக் கடமையிலிருந்தும் விடுதலை என்று ஆக்கிவிட்டால், படித்தவன் என்பதற்கே வேலை செய்யாதவன் என்று அர்த்தம் ஏற்பட்டுவிடுகிறது. நம் தேசத்தில் அந்த அர்த்தம் ஏற்கனவே போதுமான அளவு வேரூன்றியிருக்கிறது.

இதற்கு எதிர்ப்பக்கம் ஒன்று உண்டு; அதையும் சொல்லாவிட்டால் நான் நியாயமாகப் பேசியவன் ஆக மாட்டேன். குழந்தை வேலை செய்து பழக வேண்டும் என்ற நல்ல வார்த்தையை வைத்துக்கொண்டு அநியாயமும் செய்யலாம். 1953-இல் ராஜாஜியின் அரசாங்கம் சென்னை ராஜ்யத்தில் ஓர் ஆரம்பக் கல்வித் திட்டம் கொண்டுவந்தது. கிராமப் பள்ளிகளில் நாளுக்கு மூன்று மணி நேரம் படிப்பு. மிச்ச நேரத்தில் பிள்ளைகள் வீட்டில் பெற்றோர் செய்கிற தொழிலைக் கற்கலாம் என்பது ஏற்பாடு. சொல்லிக் கேட்டால் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வண்ணான் பிள்ளை வெளுக்கவும் வக்கீல் பிள்ளை சட்டப் புத்தகத்தைப் புரட்டவும் கற்றுக்கொண்டால் முடிவு என்ன ஆகும் என்று ஜனங்கள் கேட்டார்கள். குலக் கல்வி என்று அதற்குப் பெயர் வைத்து எதிர்த்தார்கள். 1954-இல் காமராஜர் முதல் மந்திரியானதும் அது கைவிடப்பட்டது. எதிர்த்தவர்கள் உழைப்பை இழிவென்று நினைத்தவர்கள் அல்ல. இன்னாருக்கு இன்ன வேலை என்று தொட்டிலிலேயே எழுதி ஒட்டுவதைத்தான் அவர்கள் எதிர்த்தார்கள். வீட்டு வேலையைக் குழந்தைக்குத் தரும்போதும் இந்த எச்சரிக்கை வேண்டும். எல்லோருக்கும் பொதுவான வேலை குழந்தைக்குக் கேடு செய்யாது. ஒருவருக்கு மட்டும் என்று ஒதுக்கிய வேலை, அது எவ்வளவு லேசானதாக இருந்தாலும், விலங்கு.

உதவி என்ற சொல்லும் வழுக்கலானது. குழந்தைத் தொழிலைத் தடுக்க 1986-இல் சட்டம் வந்தது. 2016-இல் அதைத் திருத்தி, பதினான்கு வயதுக்குட்பட்டவர்களை எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது என்று கடுமையாக்கினார்கள். கூடவே, பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில், ஆபத்தில்லாதவற்றில், 'உதவலாம்' என்று விலக்கும் கொடுத்தார்கள். எத்தனை மணி நேரம் உதவினால் அது உழைப்பாக மாறும் என்று அளக்கப் படி ஏது, மரக்கால் ஏது?

வெளியே போவானேன்? வீட்டு வேலைக்குப் பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளை வைத்துக்கொள்வது 2006 அக்டோபரில்தான் சட்டப்படி தடை செய்யப்பட்டது. அதற்கு முன்பு நம்மைப் போன்ற நடுத்தரக் குடும்பங்களில், "குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து ஒரு பெண்ணைக் கூட்டி வந்திருக்கிறோம்" என்று சர்வசாதாரணமாகச் சொல்வார்கள். அந்தப் பெண்ணுக்குப் பத்து வயதிருக்கும். அவள் இடுப்பில் சுமந்துகொண்டு திரிந்த பிள்ளைக்கு ஐந்து வயது. தன் செருப்பைத் தானே மாட்டிக்கொள்ள முடியாத 'சின்னக் குழந்தை' அது. அவளும் குழந்தைதான் என்பது யாருக்கும் தோன்றவில்லை. வேலைக்கு வந்தவளாயிற்றே! எந்த வயதில் வேலை பழக்கலாம் என்று என்னிடம் யோசனை கேட்கிறவர்களுக்கெல்லாம் அந்த இரண்டு குழந்தைகளையும் நினைவுபடுத்தத் தோன்றுகிறது.

சரி, எப்படித்தான் பழக்குவது? இதில் நான் அறிந்தவரை இரண்டு பேர் உருப்படியாகச் செய்து பார்த்திருக்கிறார்கள். மாண்டிசோரி அம்மையார் 1907-இல் ரோமாபுரியில் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் தம் முதல் குழந்தைகள் வீட்டைத் திறந்தார். குழந்தைகள் கைக்கு அடக்கமான துடைப்பம், எட்டுகிற உயரத்தில் அலமாரி, தூக்கக்கூடிய நாற்காலி. தட்டும் குவளையும் மட்டும் உடையக்கூடிய நிஜச் சாமான்கள். கவனமில்லாமல் பிடித்தால் உடையும். அதட்டல் வேண்டாம், பொருளே சொல்லிக் கொடுத்துவிடும் என்பது அவர் கட்சி. நம் வீட்டு எவர்சில்வருக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது; கீழே விழுந்தால் ஊரைக் கூட்டுமே தவிர, உடைந்து பாடம் சொல்லாது. அம்மையார் 1939-இல் அடையாற்றுக்கு வந்து, யுத்தத்தினால் இத்தேசத்திலேயே பல வருஷம் தங்க நேர்ந்தது. அவர் பெயரில் நம் தெருக்கள் தோறும் பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. சின்னத் துடைப்பம் எத்தனை பள்ளிகளில் இருக்கிறது என்று கேட்டுப் பார்க்கலாம்.

இன்னொருவர் காந்திஜி. 1910-இல் ஜோஹானஸ்பர்க்கிலிருந்து 21 மைல் தள்ளி, நண்பர் காலன்பாக் கொடுத்த 1,100 ஏக்கரில் டால்ஸ்டாய் பண்ணை அமைந்தது. சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் அங்கே இருந்தன. தமிழ்ப் பிள்ளைகளும் இருந்தார்கள். கப்பலிலும் சிறையிலும் போப்பையரின் புத்தகத்தை வைத்துக்கொண்டு கற்ற அரைகுறைத் தமிழில் காந்திஜியே அவர்களுக்குத் தமிழ் வாத்தியாராக இருந்தாராம்! பண்ணையில் வேலையாள் என்று ஒருவர் கிடையாது. சமையலிலிருந்து கழிப்பிடம் சுத்தம் செய்வது வரை அங்கிருந்தவர்களே செய்தார்கள். பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு. ஆனால் ஒரு நிபந்தனை: ஆசிரியர் செய்யாத வேலையைப் பிள்ளைகளைச் செய்யச் சொல்லக் கூடாது, பிள்ளைகள் வேலை செய்கிற இடத்தில் ஓர் ஆசிரியரும் கூட நின்று செய்ய வேண்டும். குழந்தை வளர்ப்பைப் பற்றி நான் படித்த கனமான புத்தகங்களில் இதைவிட உபயோகமான விதி எனக்கு அகப்படவில்லை.

அதே காந்திஜி, அதற்குப் பன்னிரண்டு வருஷம் முன்பு டர்பனில், கஸ்தூரிபாயிடம் நடந்துகொண்ட விதத்தையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். வீட்டில் தங்கியிருந்த குமாஸ்தாவின் கழிவுப் பாத்திரத்தை அந்த அம்மாள் கண்ணீரோடு எடுத்துப் போனாள். எடுத்தது மட்டும் அவருக்குப் போதவில்லை. முகமலர்ச்சியோடு எடுக்க வேண்டும் என்றார். சண்டை முற்றி அவளை வாசல் வரை இழுத்துக்கொண்டு போனார். அவருக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. நம்மில் பல பெற்றோர்கள் டால்ஸ்டாய் பண்ணைக் காந்தியாக இருப்பதாக நினைத்துக்கொண்டு, டர்பன் காந்தியாகவே நடந்துகொள்கிறோம். "செய்வதைச் சிரித்த முகத்தோடு செய்தால் என்ன?" என்று குழந்தையை அதட்டுகிறோம். வேலையைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. முகம் அதனுடையது. முணுமுணுத்துக்கொண்டே பாத்திரம் துலக்குகிற குழந்தை தன் பங்கைச் செய்துவிட்டது. முணுமுணுப்பு அதன் சொந்தச் செலவு. நாம் மட்டும் ஆபீசுக்குப் பாடிக்கொண்டா போகிறோம்?

கூட நின்று செய்வது என்பதில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. குழந்தை பெருக்கின இடத்தை அதன் கண் முன்னாலேயே மறுபடி பெருக்கலாமா? கூடாது என்பேன். மூலையில் கொஞ்சம் குப்பை ஒரு ராத்திரி இருந்துவிட்டுப் போகட்டும். குழந்தை மடித்த துணி கோணலாகத்தான் இருக்கும். அதைப் பிரித்து மடித்து வைத்தால், நீ செய்தது வேலையல்ல, விளையாட்டு என்று சொல்லியாயிற்று. நாளை முதல் அது விளையாட்டுக்கே போய்விடும்.

இதையெல்லாம் விடச் சிரமம் பெரியவர்களிடத்தில்தான். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் தகப்பனார் தம் தட்டைத் தாமே கழுவுகிறவர். ஒன்பது வயதுப் பிள்ளையும் ஆறு வயதுப் பெண்ணும் அவர் பின்னால் வரிசையாக நின்று கழுவி வைப்பார்கள். சொல்லிக் கொடுத்ததாகவே தெரியவில்லை. போன கோடையில் அவருடைய தாயார் கிராமத்திலிருந்து வந்து பதினைந்து நாள் தங்கினாள். முதல் நாளே, மகன் தட்டோடு எழுந்ததைப் பார்த்துப் பதறிப் போய், "ஐயோ, நீ ஏன்டா? வை கீழே! நானில்லை?" என்று கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். எழுபத்திரண்டு வயதுத் தாயாரோடு மல்லுக்கட்ட அவருக்கு மனம் வரவில்லை. அன்றைக்கு ராத்திரியே பேரனும் தட்டை வைத்துவிட்டு எழுந்தான். பாட்டி அதையும் எடுத்தாள். பேத்தி எழுந்தபோது மட்டும், "உன்னுதைக் கொண்டு போய்ப் போடம்மா, அப்படியே அண்ணா டம்ளரையும் எடுத்துக்கோ" என்றாள். அந்தப் பெண் அண்ணாவின் டம்ளரைப் பார்த்தது, அப்பாவைப் பார்த்தது. அவர் எழுந்து தாயாரின் கையிலிருந்து தம் தட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார். கிழவி இரண்டு நாள் அவரோடு பேசவில்லையாம்.